நியூகாசில் கிளப்பை வாங்கியது யார்?

இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கால்பந்து கிளப்பை 2021 அக்டோபரில் சவுதி அரசு நிதியம் கூட்டாளிகளோடு வாங்கியது. விலை சுமார் 30 கோடி பவுன். அடேயப்பா!

பழைய முதலாளி மைக் ஆஷ்லி தொலைந்தால் போதும் என்று ரசிகர்கள் மைதான வாசலில் ஆட்டம் போட்டார்கள். சிலர் தலையில் அரபுத் துண்டு வேறு! 2018-ல் சவுதி துணைத் தூதரகத்துக்குள் பத்திரிகையாளர் கஷோகி கொல்லப்பட்டதை மறக்கலாமா என்று வேறு சிலர் மல்லுக்கு நின்றார்கள்.

2025-ல் லிவர்பூலை 2-1 என்று சாய்த்து லீக் கோப்பையும் வந்தது. உள்நாட்டுக் கோப்பைக்கு 70 வருஷப் பசி! டிக்கெட் வாங்குகிறவனை நான் குறை சொல்ல மாட்டேன். விற்கும்போது அவனை யார் கேட்டார்கள்?

கேட்க வேண்டியது பிரிமியர் லீக் நிர்வாகத்தை. கிளப்பை சவுதி அரசு ஆட்டி வைக்காது என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்தார்களாம். நிதியத்தின் தலைவரே அந்நாட்டுப் பட்டத்து இளவரசர்! யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?