சர்வர் நின்றாலும் குரல் கேட்க வேண்டும்

சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் இருக்கும் என் ஆயாவுக்கு மெசேஜ் டைப் செய்யத் தெரியாது. ஆனால் வாட்ஸ்அப்பில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச நன்றாகத் தெரியும். கடலூரில் இருக்கும் எங்களுக்குத் தினமும் இரண்டு மூன்று குரல் செய்திகளாவது வந்துவிடும். கத்தரிக்காய் விலை முதல் மாத்திரை தீர்ந்துபோனது வரை எல்லாம் அதில்தான். வாய்ஸ் மெயில் நம் ஊரில் எடுபடவே இல்லை. மிஸ்டு கால் கொடுத்தே காலம் தள்ளிய நமக்கு, 2013-ல் வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்திதான் நிஜமான வாய்ஸ் மெயில்.

2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாக நின்றுபோனது நினைவிருக்கலாம். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. சரியாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று மாலைதான் ஆயா மாத்திரைகளின் பெயர்களைச் சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டிய அப்பா, "இப்ப அதைக் கேக்க முடியாதாடா?" என்றார். (போன் செய்து கேட்கலாம்தான், ஆயா எட்டரைக்கே தூங்கிவிடுவார்.) ப்ளே பட்டனைத் தட்டினேன், பேசியது.

காரணம் எளிது. குரல் செய்தி தானாகவே நம் போனில் டவுன்லோட் ஆகிவிடுகிறது. வந்து சேர்ந்ததும் சர்வரில் இருந்து அழிக்கப்படுகிறது. சேராத செய்தி மட்டும் 30 நாட்கள் வரை அங்கே காத்திருக்கும். எனவே சர்வர் நின்றால் புதியது வராது, ஏற்கெனவே வந்தது கேட்கும்.

அலுவலக வாய்ஸ் மெயில் நேர் எதிரானது. 2000-களில் பல கம்பெனிகளில் இருந்த சிஸ்கோ யூனிட்டி, செய்திகளை மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் போன்ற மெயில் சர்வரில் வைத்தது. அந்த சர்வர் நின்றால் பழைய செய்திகள் கேட்காது. ஆனால் அந்த நேரத்தில் வரும் புதிய செய்திகளை யூனிட்டி தன்னிடமே வாங்கி வைத்துக்கொள்ளும். போன் மூலம் அவற்றை மட்டும் கேட்கலாம். மெயில் சர்வர் எழுந்ததும் ஒப்படைத்துவிடும். அரைகுறை வசதிதான் என்றாலும், "பிறகு முயற்சிக்கவும்" என்று கையை விரிப்பதைவிட எவ்வளவோ மேல்.

என்னைக் கேட்டால், குரல் செய்தியின் ஒரு பிரதி கட்டாயம் கேட்பவரிடம் இருக்க வேண்டும். எல்லாம் கிளவுடில் பத்திரம் என்று என் துறைக்காரர்களே சொல்கிறார்கள். கடலூர்க்காரனான எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது நான் எட்டாம் வகுப்பு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. எங்கோ ஒரு ஊரில் சர்வர் ஜோராக ஓடிக்கொண்டிருந்து என்ன பயன்? நம்மைப் பொறுத்தவரை அதுவும் நின்ற சர்வர்தான்.

அதற்காகப் போனையும் நம்பிவிடாதீர்கள். ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் அப்பாவின் போனை ரீசெட் செய்ததில், ஆயா அனுப்பிய இரண்டு வருடச் செய்திகள் போய்விட்டன. அப்பா பேக்கப் எடுக்கவில்லை. பேக்கப் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

ஆண்ட்ராய்டு போன் என்றால், ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று வரிசையாக உள்ளே செல்லுங்கள். 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். பழைய போன்களில் வாட்ஸ்அப் ஃபோல்டர் நேராகவே தெரியும். யூஎஸ்பி கேபிள் மூலம் அதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். ஃபைல்கள் ஓபஸ் வகை, விஎல்சி பிளேயரில் கேட்கலாம். பெயரிலேயே தேதி இருக்கும். ஐபோனில் இந்த வழி இல்லை. வேண்டிய செய்தியை ஷேர் செய்து 'ஃபைல்ஸ்' பகுதியில் சேமிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: காப்பி செய்த ஃபைல்களுக்குப் பூட்டு எதுவும் கிடையாது, கம்ப்யூட்டரைத் திறக்கும் யாரும் கேட்கலாம்.

நான் மாதம் ஒருமுறை காப்பி எடுக்கிறேன். பாதிக்கு மேல் கத்தரிக்காய் விலைதான்.