பொழுது போகாத ஊர்



சென்ற மாதம் ஒரு நாள் மாலை, ஹெந்தளையில் எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தப் போகும் நேரம். மாணவி ஒருத்தியின் தாயார் வாசலில் தயங்கி நின்றார். முகத்தில் கவலை தெரிந்தது. என்னவென்று விசாரித்தேன்.

"ஹஸரத், இவர் இனி மன்னாருக்கே போய் இருப்போம் எண்டு சொல்றார். மூத்தவ முடியாது எண்டு அழுறா. அந்த ஊர்ல என்ன உம்மா இருக்கு, மஃரிபோட றோட்டு அடங்கிரும், கழுதை மட்டும்தான் நடமாடும், எனக்குப் பொழுதே போகாது எண்டு சொல்றா. வாப்பாட சொல்லைத் தட்டுறது சரியில்ல எண்டு நீங்க அவக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

அந்தச் சகோதரி கேட்டது ஒரு உபதேசம். பதினைந்து வருடங்களுக்கு முன்னர் என்றால் உடனே சொல்லியிருப்பேன். பெற்றோருக்குக் கட்டுப்படுவது பற்றியும், உலக ஆசாபாசங்கள் பற்றியும் ஒரு மணி நேரம் பேசுவதற்கு எனக்கு விஷயம் இருந்தது. ஆனால் அன்று நான் உடனே எதுவும் சொல்லவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தகப்பனின் பக்கத்தைப் பார்ப்போம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றிய போது அவருக்கு எட்டு வயது. சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மன்னார்த் தீவிலிருந்து பெரும்பாலோர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்கள்தான் அதிகம். அவரும் உம்மாவின் மடியில் அப்படித்தான் வந்தார். புத்தளத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தார். கொழும்புக்கு வந்து வியாபாரம் செய்து, ஹெந்தளையில் வாடகை வீட்டில் குடும்பம் நடத்துகிறார். வாப்பா விட்டுப்போன காணி மன்னாரில் இருக்கிறது. அந்த மண்ணில் ஒரு வீடு கட்டி அங்கேயே மௌத்தாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருக்கு அது பொழுது போகாத ஊரல்ல. அவரிடமிருந்து பறிக்கப்பட்ட ஊர்.

மகளின் பக்கம் வேறு. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் வத்தளைப் பக்கம். கண் விழித்தால் பஸ் சத்தம், முச்சக்கர வண்டிச் சத்தம். வகுப்புத் தோழிகள் நான்கு வீடு தள்ளி இருக்கிறார்கள். மன்னாரை அவள் கண்டது பெருநாள் விடுமுறையில் இரண்டு, மூன்று நாட்கள்தான். வெயில், காற்று, கடல், ஆளில்லாத தெரு. அவள் பொய் சொல்லவில்லை. 2012 குடிசன மதிப்பின்படி மன்னார் மாவட்டம் முழுவதும் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களே இருந்தார்கள். நாம் வசிக்கும் கம்பஹா மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். பரப்பளவிலோ மன்னார்தான் பெரியது! கொழும்பிலிருந்து போவதானால் வில்பத்துக் காட்டைச் சுற்றிக்கொண்டு மதவாச்சி வழியாக அரை நாளுக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். பிறகு கடலின் மேல் போட்ட தாம்போதியைக் கடந்தால்தான் தீவு.

ஆனால் சகோதரிகளே, ஓர் ஊர் ஒதுங்கிக் கிடப்பது அதன் பிறவிக் குணம் என்று நினைத்துவிடக் கூடாது. 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின், கொழும்புக் கோட்டையில் ஒரே டிக்கட் வாங்கி ரயிலேறி, சில மணி நேரம் கப்பலில் கடல் தாண்டி, மறுகரையில் மீண்டும் ரயிலேறிச் சென்னை வரை போகலாம். நம் பாட்டன்மார் அதை 'போட் மெயில்' என்பார்கள். அந்தக் காலத்தில் மன்னார் நாட்டின் மூலையல்ல, முன்வாசல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் பிறகு இராமேஸ்வரத்துக்குப் போய்வந்து, 1980களின் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது, பாலமும் உடைந்தது. புதிய பாலம் 2010இலும், தலைமன்னாருக்கான ரயில் 2015இலுமே மீண்டும் வந்தன.

அதற்கும் முந்திய காலத்தில், முத்துக்குளிப்புப் பருவம் வந்தால் சிலாபத்துறை, அரிப்புக் கடற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பும். இராமநாதபுரக் கரையோரத்து முஸ்லிம் சுழியோடிகள், அரபுச் சுழியோடிகள், வியாபாரிகள், கடைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பருவம் முடிந்தால் வெறும் மணல். தீவில் இன்றும் நிற்கும் பெருக்க மரத்தையும், மகள் குறை சொன்ன அந்தக் கழுதைகளையும் அரபு வணிகர்களே கொண்டு வந்தார்கள் என்பது ஊரில் வழங்கும் பேச்சு. எங்கோ இருந்து மனிதர் தேடி வந்த இடம் அது.

நாம் வாழும் ஹெந்தளையை எடுத்துக் கொள்ளுங்கள். 1708இல் ஒல்லாந்தர் தொழுநோய் வைத்தியசாலையை இங்கே கட்டினார்கள். நோயாளிகளைக் கொழும்பு மக்களிடமிருந்து பிரித்து வைக்க, களனி ஆற்றுக்கு இப்பால் ஆளரவமற்ற இடம் தேவைப்பட்டது. அன்று ஒதுக்குப்புறம் என்று தேர்ந்தெடுத்த இடத்தில்தான் இன்று வீட்டுக்கு வீடு சுவர் முட்டி நிற்கிறது. ஊர்கள் அடங்கும், எழும்பும். அதை வைத்து எந்த மண்ணையும் இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை.

தூரம்தான் பிரச்சினையா என்று பார்த்தால் அதுவும் முழுக் காரணமல்ல. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பேர்த் என்றொரு நகரம். அடுத்த பெரிய நகரமான அடிலெய்டு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். உலகிலேயே ஒதுங்கிக் கிடக்கும் பெருநகரங்களில் ஒன்றென்று அதைச் சொல்வார்கள். 1962இல் ஜோன் கிளென் என்ற அமெரிக்க விண்வெளி வீரர் இரவில் தலைக்கு மேலே கடந்து போகிறார் என்று கேள்விப்பட்டு, அந்த ஊரார் வீட்டுக்கு வீடு விளக்கேற்றி வைத்தார்களாம். வானத்திலிருந்து அதைக் கண்ட அவர் அவர்களுக்கு நன்றி சொன்னார். எல்லோரும் சேர்ந்து ஒரு காரியம் செய்யக்கூடிய மனிதர்கள் இருக்கும் ஊர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வெறுமையாகாது.

மாறாக, நெருக்கமான ஊரில் வெறுமை இல்லையா? எங்கள் ஒழுங்கையிலேயே வயதான உம்மா ஒருவர் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகன் வேலையால் வந்து கதவைத் திறந்தது அஸருக்குப் பிறகு. இரு பக்கத்திலும் வீடுகள். ஒருவருக்கும் தெரியாது. சத்தம் நிறைந்த ஊரில் அவருடைய சத்தம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது நான் சொல்லாமல் வைத்த காரணத்துக்கு வருகிறேன்.

2011இல் மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், மக்கள் மீளக் குடியேறத் தொடங்கியிருந்த ஒரு சின்ன ஊருக்கு ஓதிக் கொடுக்கப் போனேன். புது மாப்பிள்ளை. மனைவியையும் கூட்டிப் போனேன். அவர் கொழும்பில் கூட்டுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்களுக்குத் தந்த வீட்டைச் சுற்றிப் பற்றைக் காடு. மின்சாரம் இன்னும் வரவில்லை. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. எனக்கோ அந்த அமைதி பெரிய நிஃமத்தாக இருந்தது. சுபஹுக்குப் பின் கிதாபு பார்க்க நேரம் கிடைத்தது. ஐவேளையும் பள்ளிக்குப் போவேன். தொழுகைக்குப் பின் மரத்தடியில் ஊர்ப் பெரியவர்களோடு பேச்சு. மாலையில் பிள்ளைகள். "எவ்வளவு நிம்மதியான ஊர்!" என்று வீட்டில் வந்து சொல்வேன். அவர் ஒன்றும் பேச மாட்டார். பேச்சுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது. நான் பொறுமையின் சிறப்பைப் பற்றி எடுத்துச் சொன்னேன்.

ஒரு நாள் அவர் மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குப் பள்ளி இருக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு தரம் மனிசரக் காணுறீங்க. நான் யாரக் காண்றது?"

நான் வாயடைத்துப் போனேன். நான் புகழ்ந்த அமைதி எனக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்றில் நான் இருந்தேன். மற்றதில் அவர் தனியாக அடைபட்டிருந்தார். அரபுக் கல்லூரியில் பல வருடம் ஓதிய எனக்கு அது தெரிய ஒரு கேள்வி தேவைப்பட்டது.

அன்றிரவு அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் பயிர்பச்சையற்ற பள்ளத்தாக்கில் அவர்களையும் பால்குடி மாறாத பிள்ளையையும் விட்டுச் சென்றதையும், ஸஃபா மர்வா ஓட்டத்தையும், ஸம்ஸம் பொங்கியதையும் நாம் எல்லோரும் அறிவோம். அதன் பிறகு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. பறவை வட்டமிடுவதைக் கண்டு நீரைத் தேடி வந்த ஜுர்ஹும் கூட்டத்தார், அங்கே தங்கலாமா என்று அனுமதி கேட்டார்கள். நீரின் உரிமை எனக்கே என்ற நிபந்தனையோடு ஹாஜர் (அலை) சம்மதித்தார்கள். அவர்கள் மனிதத் துணையை விரும்பியிருந்தார்கள் என்றும் அறிவிப்பில் வருகிறது. அல்லாஹ்வின் மீது அவர்களைவிட நம்பிக்கை வைத்த பெண் யார்? அவர்களுக்கே அக்கம்பக்கம் தேவைப்பட்டது. அந்த அக்கம்பக்கம்தான் பின்னர் மக்கா நகரமானது.

ஆகவே ஒரு பெண் "எனக்கு இங்கே ஆளில்லை" என்று சொன்னால் அது ஈமானின் குறைவல்ல. பொழுதுபோக்கைக் கேட்பதும் குற்றமல்ல. பெருநாள் தினத்தில் அபிஸீனியர் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, ஆயிஷா (ரழி) அவர்கள் பார்த்து முடித்துத் தாமே போதும் என்னும் வரை நபி (ஸல்) அவர்கள் மறைப்பாக நின்று கொடுத்தார்கள். இளம் பெண்ணின் விருப்பத்துக்கு அங்கே எவ்வளவு மதிப்பு இருந்தது, பாருங்கள்.

மறு வாரமே சைக்கிளில் ஏறி வீடு வீடாகப் போய்ப் பேசினேன். அஸருக்குப் பின் எங்கள் வீட்டில் பெண்களுக்குக் குர்ஆன் வகுப்பு என்று வைத்தோம். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். பிறகு பன்னிரண்டு. ஓதி முடித்துத் தையல் பழகினார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். முகாம் வாழ்க்கையைச் சொல்லி அழுதார்கள். தங்களுக்கும் நாள் நகராமல்தான் இருந்தது என்று அவர்களும் சொன்னார்களாம்! ஊர் மாறவில்லை. அதே பற்றைக் காடு, அதே இருட்டு. ஆனால் ஊரை விட்டு வரும்போது அழுதது நானல்ல, என் மனைவி.

இதனால்தான் அந்தச் சகோதரிக்கு நான் உபதேசம் சொல்லவில்லை. "உங்கட மாப்பிள்ளையை ஒருக்கா வரச் சொல்லுங்க" என்றேன். அவர் வந்தார். நல்ல மனிதர். அவரிடம் சில கேள்விகள் கேட்டேன். வெளியூர் போகத் தயாராகும் எந்தக் குடும்பமும் கேட்க வேண்டியவை என்பதால் இங்கும் தருகிறேன்.

உங்கள் மனைவி நடந்து போய்க் கதவைத் தட்டக்கூடிய வீடு எத்தனை? மகள் உயர்தரம் படிக்க அவள் விரும்பும் பாடம் அந்தப் பாடசாலையில் உண்டா? போய் வர பஸ் உண்டா? வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால், நீங்கள் இல்லாத நேரத்தில் வைத்தியரிடம் போக வழி என்ன? உங்கள் கடை கொழும்பிலேயே இருக்கும் என்றால், வாரத்தில் எத்தனை நாள் அந்த ஊரில் நீங்களே இருப்பீர்கள்?

கடைசிக் கேள்விக்கு அவர் தலை குனிந்தார். மாதத்தில் இரண்டு முறை வந்து போகும் எண்ணத்தில் இருந்திருக்கிறார். "அப்ப ஊருக்குத் திரும்புறது நீங்களா, அவங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.

பாடசாலை விடுமுறையில் பத்து நாட்கள், விருந்தாளியாக அல்லாமல் சமைத்துச் சாப்பிட்டு இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். போய் வந்துவிட்டார்கள். மகளை நான் கேட்டேன். "ஊர் பரவாயில்ல ஹஸரத். பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். மூத்தம்மா பழைய கதையெல்லாம் சொன்னாங்க. ஆனா எனக்கு ஒரு கூட்டாளியாவது வேணும்" என்றாள். இன்னும் முடிவாகவில்லை. உயர்தரப் பரீட்சை முடியட்டும், அதற்கிடையில் வியாபாரத்தை அங்கே மாற்ற முடியுமா பார்க்கிறேன் என்று தகப்பன் சொல்கிறார். முன்பு அவர் அறிவித்துக் கொண்டிருந்தார். இப்போது வீட்டில் நால்வரும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

அமைதியான ஊரில் வாழ்வது அலுப்பா என்று யாராவது கேட்டால், ஊரைப் பற்றிப் பதில் சொல்லாதீர்கள். அங்கே பகல் முழுவதும் வீட்டில் இருக்கப் போவது யார் என்று கேளுங்கள். பதிலை அவரிடமே கேளுங்கள். இது ஆண்களுக்கு. சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், அது மன்னாரானாலும் சரி, ஹெந்தளையானாலும் சரி, அன்றைய கறியில் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் உங்களுக்குத் தெரியாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.