உதவி வேறு, அதிகாரம் வேறு!

வெள்ளம், நிலச்சரிவு போன்ற ஆபத்து வேளைகளில் நிவாரண வேலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் தனியார் கம்பெனிகளுக்கும் இடமளிக்க வேண்டுமென்று இன்று பலரும் பேசுகிறார்கள். கம்பெனிகள் கைகொடுப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கடிவாளம் யார் கையில் இருப்பது? ரிங்லெட் வட்டாரத் தொழிலாளர்களாகிய நமக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

2013 அக்டோபர் 23 அதிகாலையை மறந்துவிட்டோமா? அடைமழையில் சுல்தான் அபு பக்கார் அணை நிரம்பியது. மதகுகள் திறக்கப்பட்டன. உறங்கிக்கொண்டிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. குறைந்தது மூன்று உயிர்கள் போயின. வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. விதிமுறைப்படியே நடந்தோம் என்றது அணையை நடத்தும் தெனாகா நேஷனல். எச்சரிக்கை எங்களுக்கு எட்டவில்லை என்றனர் மக்கள். குன்றுகளைச் சீவியதால் வந்த மண் அணையின் வயிற்றை நிரப்பியிருந்ததும் ஊரறிந்த சங்கதி.

அந்நிறுவனம் 1990-இல் கம்பெனியாக்கப்பட்டு, 1992-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் பங்குகளில் நம் ஊழியர் சேமநிதிப் பணமும் இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது பிச்சையன்று, கணக்கு!

தோழர்களே, தோட்டக் கம்பெனியிடம் லாரி உண்டு, ஆள்பலம் உண்டு, பாதை அறிந்த டிரைவர்கள் உண்டு. இவற்றைவிடப் பெரியது ஒன்றும் உண்டு: ஆபீசில் இருக்கும் செக்ரோல். எந்த லயத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பது கிராணிக்குத் தெரியும். வெள்ள இரவில் அந்தப் பெயர்ப் பட்டியல் அரிசி மூட்டையைவிட விலை மதிப்புள்ளது. ஆனால் செக்ரோலில் பெயரில்லாத கண்டிராக்ட் தொழிலாளியின் கதி என்ன? ஆற்றோரக் குடிசையில் ஒண்டியிருக்கும் நேப்பாள, வங்காளதேசச் சகோதரனின் கதி என்ன? பட்டியல் கம்பெனியின் கையில் மட்டும் இருந்தால், அதில் இல்லாதவன் பசியிலும் இல்லாதவனாகிவிடுவான்!

ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் 1993-இல் சரிந்து 48 பேர் மாண்டனர். அதன் பின் 1997-இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் எண் உத்தரவு வந்தது. மாவட்ட அளவில் பேரிடர்க் குழுவுக்கு மாவட்ட அதிகாரியே தலைவர் என்று அது வகுத்தது. 2015-இல் 'நட்மா' என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பும் பிறந்தது. தலைமை அங்கேயே இருக்கட்டும். தேர்தலில் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம். கம்பெனியோ பங்குதாரருக்கு மட்டுமே பதில் சொல்லும். தீங்குக்குக் காரணமென்று குற்றஞ்சாட்டப்படும் கம்பெனியே நிவாரணத்துக்கும் தலைமை ஏற்றால், கேள்வி கேட்பவன் யார்?

ஆகவே நாம் கேட்பது இவை:

மாவட்டக் குழுவில் தொழிற்சங்கத்துக்கும் ஆற்றோர மக்களுக்கும் ஆசனம் வேண்டும்.

அணையின் சங்கு ஒலிக்கு என்ன பொருள், எங்கே ஓட வேண்டும் என்பதை ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவனவன் மொழியில் சொல்லி, மழைக்காலத்துக்கு முன்பே ஒத்திகை நடத்த வேண்டும்.

செக்ரோலில் இல்லாதவரையும் சேர்த்து நிவாரணப் பட்டியல் எழுதி, எல்லோரும் காண ஒட்ட வேண்டும்.

நிவாரணப் பொருளைக் காட்டி, நஷ்டஈடு கேட்கும் உரிமையை எழுதி வாங்கக் கூடாது.

முதலாளிமார்களே, லாரியைக் கொடுங்கள், நன்றி சொல்வோம். கடிவாளத்தைக் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டோம்!