பார்த்தீனியமும் கூலியாட்களின் சருமமும்

வரப்பிலும் தரிசிலும் பாதையோரத்திலும் சிறு வெண்பூக்களுடன் செழித்து நிற்கும் பார்த்தீனியம் என்னும் பூண்டை அறியாத குடியானவர் இலர். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இது, 1955ஆம் வருஷத்தில் பூனா நகரத்தருகே காணப்பட்டு, பின்னர் தேசமெங்கும் பரவிற்று. பயிருக்கு இதனால் விளையும் கெடுதியை யாவரும் பேசுகின்றனர். இதைப் பிடுங்குவோரின் சருமத்துக்கு விளையும் கெடுதியைக் கவனிப்பார் சிலரே.

இப்பூண்டிலுள்ள பார்த்தீனின் என்னும் வஸ்து சிலருக்கு ஒவ்வாது. கண்ணிமை, கழுத்து, முழங்கையின் உட்புறம் ஆகிய இடங்களில் அரிப்பும் சிவப்பும் தோன்றித் தடித்து நீர் கசியும். நாளடைவில் தோல் கறுத்து உரமேறிவிடும். "பத்து வருஷமாய்ப் பிடுங்கியவனுக்கு இன்று மட்டும் என்ன வந்தது?" என்று நிலச்சுவான்தார் சிலர் வினவுவதுண்டு. ஒவ்வாமையின் தன்மையே அதுதான். பன்முறை தொட்ட பின்னரே அது உண்டாகும். உண்டானபின் எளிதில் நீங்காது. தொட்ட அன்றே தோன்றாமல் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத் தோன்றுவதால் பழி உணவின்மீது விழுகிறது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்கிவிட்டு, மறுநாளே அதே பூண்டைப் பிடுங்கப் போவதால் யாது பயன்? இது தொற்று வியாதியுமன்று. ஆகவே அவனைத் திண்ணையிலிருந்து விலக்கி வைப்பதும் நியாயமன்று.

தொட்டவர் உடனே சோப்பிட்டுக் கழுவி, உடுத்திய துணியையும் துவைத்தல் வேண்டும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியும் காலமைன் திரவமும் அரிப்பைத் தணிக்கும். மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் பூசினால் தடிப்பு புண்ணாகிவிடும். முகம் வீங்கினாலும் நீர் கசிந்தாலும் வைத்தியரிடம் செல்க. ஸ்டீராய்டு களிம்பைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் தடவுவோருக்குத் தோல் மெலிந்துபோகும். எக்களிம்பாயினும், பூண்டின் தொடர்பு அறாதவரை குணம் நிலைக்காது.

அத்தொடர்பை அறுக்க வல்லவர் கூலியாளல்லர், நிலத்துக்குடையவரே. பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் கொடுத்துப் பிடுங்கச் செய்வது அவர் கடன். கையுறையின் விலை ஓர் எருமூட்டையின் விலைக்கு வெகு குறைவு. தடிப்பு கண்டவனைக் கூலி குறையாமல் வேறு வேலைக்கு மாற்றுதலும் வேண்டும். காய்ந்த பூண்டின் துகள் காற்றிலும் பறந்து, தொடாதவரையும் வருத்துமாதலால், புறம்போக்கில் மண்டியுள்ளதைக் கிராம அதிகாரிகளே கவனிக்கவேண்டும். பயிரிடாத அவ்விடங்களில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையலுப்பு வீதம் கரைத்து, வெயில் நாளில், செடி பூக்குமுன் தெளிக்கலாம்.