நிழலை நம்பி ஸ்டென்ட் வைக்கச் சொல்லும் முடிவு

முழுமையாக அடைபட்ட இதயத் தமனியைக் கதீட்டர் வழியாகத் திறக்கும் சிகிச்சையில், குழாய்க்குள் சென்று படமெடுக்கும் ஐவஸ் அல்ட்ராசவுண்டுக்குத் தனித் தொகை கிடையாது, அதுவும் காப்பீட்டின் தொகுப்புக் கட்டணத்துக்குள் அடக்கம் என்ற முடிவை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. தொகுப்புத் தொகை உயரவில்லை. ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிய வேண்டிய அந்தக் கதீட்டரின் விலையும் குறையவில்லை. ஸ்டென்ட், பலூன், வயர், மருந்து, படுக்கை எல்லாம் போக அந்தத் தொகையில் ஐவஸுக்கு என்ன மிஞ்சும்? காப்பீட்டு அட்டையோடு வருபவருக்கு அது மறுக்கப்படும், கைப்பணம் கட்டுபவருக்குக் கிடைக்கும். அல்லது, அதைவிட மோசமாக, ஒருவருக்குப் பயன்படுத்திய கதீட்டரைக் கழுவி அடுத்தவருக்குச் செலுத்தும் சபலம் வளரும்.

'ஆஞ்சியோகிராம் இருக்கும்போது இன்னொரு படம் எதற்கு' என்பதுதான் முடிவெடுத்தவர்கள் தரப்பு வாதம். அடைப்பு 70, 80 சதவீதம் இருக்கும் குழாயில் அந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது இடம் உண்டு. நூறு சதவீத அடைப்பில் துளியும் இல்லை. ஆஞ்சியோகிராம் காட்டுவது குழாயை அல்ல, குழாய்க்குள் ஓடும் சாயத்தின் நிழலை. மூன்று மாதமோ அதற்கு மேலோ முற்றிலும் மூடிக் கிடக்கும் தமனியில் சாயம் ஓடாது. மருத்துவருக்குப் பார்வை மிகவும் தேவைப்படும் அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரில்தான் திரை வெறுமையாக இருக்கிறது. அடைப்பின் வாய் எங்கே என்றே தெரியாதபோது, பக்கத்துக் கிளைக்குள் ஐவஸ் கதீட்டரை நிறுத்தினால் நுழைய வேண்டிய இடம் தெரியும். வயர் குழாயின் உண்மையான உட்பாதையில் போகிறதா, சுவரைப் பிளந்துகொண்டு அடுக்குகளுக்கு நடுவே போகிறதா என்பதைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கதீட்டர் குறுக்குவெட்டாகக் காட்டிவிடும். சுவருக்குள் போன வயரின் மேல் தெரியாமல் பலூனை விரித்தால் தமனி கிழியலாம், இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டலாம். அடைப்பு திறந்த பிறகும் வேலை முடிவதில்லை. பல மாதம் ரத்தம் பாயாத குழாய் சுருங்கிக் கிடக்கும். அதன் நிழலை அளந்து தேர்ந்தெடுக்கும் ஸ்டென்ட் சிறியதாகிவிடும். சரியாக விரியாத ஸ்டென்டில் மறுபடி அடைப்பு வரும்.

இது ஊகம் அல்ல. தென்கொரியாவில் முழு அடைப்புள்ள 402 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. இதயக் காரண மரணம், மாரடைப்பு, அதே குழாய்க்கு மறுசிகிச்சை ஆகியவை சேர்ந்து ஓராண்டில் ஐவஸ் பிரிவில் 2.6 சதவீதம், ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பிய பிரிவில் 7.1 சதவீதம். மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் திட்டவட்டமான வேறுபாடு இல்லை என்று ஆட்சேபிப்பவர்கள், அடுத்து வந்த பெரிய ஆய்வையும் படிக்க வேண்டும். சிக்கலான அடைப்புகள் கொண்ட 1,639 பேரிடம் அதே நாட்டில் நடந்து 2023இல் வெளியான அந்த ஆய்வில், குழாய்க்குள் படமெடுத்துச் செய்த சிகிச்சையில் பின்விளைவுகள் 7.7 சதவீதம், எடுக்காமல் செய்ததில் 12.3 சதவீதம். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024இல், உடற்கூறு ரீதியில் சிக்கலான அடைப்புகளுக்கு இந்தப் படமெடுப்பைத் தன் பரிந்துரைகளில் உச்ச வகுப்பில் வைத்தது. ஜப்பானில் காப்பீடே ஐவஸுக்குப் பணம் தருகிறது, அதனால் அங்கே அது அன்றாட நடைமுறை. முழு அடைப்பைத் திறப்பதால் ஆயுள் நீள்வதாக நிரூபணம் இல்லையே என்று இன்னொரு வாதமும் எழுகிறது. உண்மைதான், கொரியா முன்னின்று நடத்திய இன்னொரு ஆய்வு அப்படிச் சொன்னது. ஆனால் நெஞ்சுவலி தணிந்து நடமாட முடிகிறது என்று ஐரோப்பிய ஆய்வு காட்டியது. மேலும், அந்தக் கொரிய ஆய்வு எழுப்பியது திறக்கலாமா என்ற கேள்வி. திறப்பதற்குப் பணம் தர ஒப்புக்கொண்டுவிட்டு, பார்த்துத் திறப்பதற்குத் தர மாட்டோம் என்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் தேட முடியாது.

தனித் தொகை தந்தால் தனியார் மருத்துவமனைகள் தேவையில்லாமல் ஐவஸ் போட்டு பில்லை ஏற்றும் என்ற அச்சம் மட்டும் நியாயமானது. ஆனால் ஐவஸ் தன் சாட்சியைத் தானே விட்டுச் செல்லும் கருவி. ஒவ்வொரு ஓட்டமும் காணொளியாகப் பதிவாகிறது. ஸ்டென்ட் எத்தனை சதுர மில்லிமீட்டர் விரிந்தது என்பது எண்ணாகவே அதில் இருக்கும். அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்குத் தேவை ஆள்பலமும் அக்கறையும். அவை இல்லாததற்கு நோயாளி ஏன் விலை கொடுக்க வேண்டும்?

மருத்துவக் கருவிகளுக்கு விதியும் விலையும் வகுக்கும் இடங்களில் இந்த அலட்சியம் புதிதல்ல. உடலுக்குள் நிரந்தரமாக வைக்கும் ஸ்டென்டையே மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவர 2005 அக்டோபர் வரை காத்திருந்தார்கள், அதுவும் முறையான அனுமதியற்ற ஸ்டென்டுகள் மும்பை அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வைக்கப்பட்டது அம்பலமான பிறகு. குறைபாடுள்ள ஒரு செயற்கை இடுப்பு மூட்டு உலகெங்கும் 2010இல் திரும்பப் பெறப்பட்டது. இங்கே இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் வகுக்க 2018 வரை ஆனது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் அந்த மூட்டோடு வலியில் கழித்தவர்களுக்கு இதுவரை யார் பதில் சொன்னார்கள்? லட்சம் ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இதயத் தமனிச் சிகிச்சையில் ஸ்டென்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பலூன், வயர், கதீட்டர் எதற்கும் அப்படியொரு வரம்பு இல்லை. மறு ஆண்டே, தலைநகர் வட்டாரத்தின் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றின் பில்களை ஆராய்ந்தபோது, சாதாரண உபகரணங்களில் 1,700 சதவீதத்துக்கும் மேல் லாபம் வைத்திருந்தது விலை வகுப்பவர்களுடைய அறிக்கையிலேயே வந்தது. அறிந்த பிறகும் ஐவஸ் கதீட்டரின் விலையை நியாயமான அளவுக்கு இறக்கவில்லை. இறக்கியிருந்தால் இன்று செலவைக் காரணம் காட்டும் நிலையே வந்திருக்காது. விலையைக் கட்டுப்படுத்தத் தவறியவர்கள், அந்த விலையையே சாக்காக்கிச் சிகிச்சையை மறுக்கிறார்கள்.

இந்த முடிவு திரும்பப் பெறப்பட வேண்டும். கதீட்டர் சிகிச்சைக் கூடத்தில் வேலை செய்தவர்களையும், பில்லைக் கட்டியவர்களையும் அமர்த்திப் பேசி, முழு அடைப்புக்கான சிகிச்சையில் ஐவஸுக்கு உரிய இடத்தையும் உரிய தொகையையும் தர வேண்டும். அதுவரை, ஐவஸ் இல்லாமல் திறக்கப்பட்ட ஒவ்வொரு முழு அடைப்பிலும் எத்தனை ஸ்டென்டுகள் மறுபடி அடைபட்டன, எத்தனை பேர் அதே மேஜைக்குத் திரும்ப வந்தார்கள் என்ற கணக்கை இந்த முடிவில் கையெழுத்திட்டவர்கள் மக்கள் முன் வைக்கட்டும்.