நீங்க என்ன குடி?



வெளியாட்கள் எழுதிய பயணக் கதைகளில் நம் நாட்டின் ஓரத்தில் வாழும் மனிதர்கள் எப்போதும் ஒரு வேடிக்கைப் பொருள்தான். ஆனால் அந்த மனிதர்களும் இலேசுப்பட்டவர்கள் அல்லர். செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடர்களை ஆராய்ந்து 1911இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அயல் கிராமத்தவரைப் போலவே துணி உடுத்துகிற சில வேடர்கள், வெள்ளைக்காரப் பிரமுகர் பார்க்க வருகிறார் என்றால் அதைக் களைந்துவிட்டு அரைத்துணியோடு போய் நிற்பார்கள் என்று அதில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். வந்தவருக்கும் திருப்தி, நின்றவருக்கும் ஏதோ கைக்காசு.

நான் கண்டிப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தவள். சமூகவியல் பட்டமும் ஒரு கொப்பியுமாகக் கல்முனைக்கு வேலைக்கு வந்தேன். வேலை நிமித்தம் இந்தக் கிழக்குக் கரையை நன்றாகவே சுற்றியிருக்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து உட்பக்கமாகப் போனால் அளிக்கம்பை என்றொரு கிராமம். குறவர் என்று ஊரார் அழைக்கும் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே நம்மோடு தமிழ். பாம்பாட்டுவதும் குரங்காட்டுவதும் பழைய தொழில். பெண்கள் கைரேகை பார்ப்பார்கள். ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "நீ கடல் தாண்டிப் போவாய்" என்றார். எல்லாருக்கும் இதைத்தானா சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். வீட்டுக்கு வீடு மத்திய கிழக்கில் ஒருவர் வேலை செய்யும் மாவட்டத்தில் இந்தச் சாத்திரம் அநேகமாகப் பலித்துத்தானே போகும்!

மட்டக்களப்பில் டச்பார் பக்கம் போர்த்துக்கேயப் பறங்கியர் இருக்கிறார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தது 1638இல். 380 வருடங்களுக்கு மேல் கழிந்தும் அந்த மொழியின் மிச்சம் அங்குள்ள முதியவர்களின் வாயில் இருக்கிறது. கலியாண வீட்டில் வயலின் வாசித்துக் கப்ரிஞ்ஞா ஆடுவார்கள். 2004 சுனாமி அந்தச் சிறிய சமூகத்தையும் கடுமையாகத் தாக்கியது.

இதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு கல்முனைக்குத் திரும்பினால், இங்கே விநோதப் பிராணி நான்தான்.

"நீங்க என்ன குடி?" இதுதான் முதல் கேள்வி. கொழும்பிலிருந்து வந்த எங்கள் சக உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டபோது அவர் பதறிப்போய், "அல்லாஹ்வே, நான் தொட்டதே இல்லை" என்றார். இங்கே குடி என்றால் தாய்வழி வந்த வமிசம். உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்யக்கூடாது என்பது பழைய வழக்கம். பள்ளிவாசல் மரைக்கார்களைக்கூட முன்னர் குடிவாரியாகத் தெரிவு செய்தார்கள். அயலிலுள்ள தமிழ் முக்குவரிடமும் உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று இதே முறை உண்டு. யுத்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் அஞ்சி வாழ்ந்த இரண்டு சமூகத்துக்கும் அடுக்களை வழக்கம் ஒன்றுதான். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் 1969 முதல் அக்கரைப்பற்றுக்கு வந்துபோய் 2008இல் இதைப் புத்தகமாகவே போட்டார்.

கலியாணம் முடித்தால் எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள் என்று சொன்னேன். கூட்டத்துக்கு வந்திருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"உம்மாட ஊட்ட உட்டுப்போட்டா? அங்க ஆருகா ஒனக்கு இரிக்கா? சண்ட வந்தா எங்ககா கோவிச்சிட்டுப் போவாய்? எங்கட ஊருல மாப்புளதான் கோவிச்சிட்டு அவர்ர உம்மாட்ட போற!"

இவர்கள் சொன்னதை நான் வெறும் வேடிக்கையாக எடுக்கவில்லை. யுத்தத்தில் கணவனை இழந்த எத்தனையோ பெண்களோடு பேசியிருக்கிறேன். வேறு இடங்களில் அவர்களுடைய முதல் பயம் மாமியார் வீட்டில் இனி இருக்க விடுவார்களா என்பது. இங்கே வீடும் காணியும் கலியாணத்துக்கு முன்பே மகளின் பெயருக்கு உறுதி முடிக்கப்படும். அவளை எழும்பிப் போ என்று சொல்ல ஆளில்லை. வழக்கத்தைப் புகழ்ந்தே முடித்துவிடவும் முடியாது. மூத்த மகளுக்குத் தன் வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கு வீடு கட்ட உம்மாக்களே சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்களாகப் போகிறார்கள்.

அப்படிக் கட்டிய வீடுகளில் எத்தனையோ 2004 டிசம்பர் 26இல் போயின. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள்; பிறகு தளர்த்தினார்கள். உள்ளே புது வீடு கொடுக்கும்போது படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: குடும்பத் தலைவர். பெரும்பாலும் அதில் ஆணின் பெயர்தான் விழுந்தது. பாட்டி, உம்மா, மகள் என்று கைமாறி வந்த வீட்டுரிமை ஒரு கட்டத்தால் திசை மாறியது. பெண்கள் அமைப்புகள் அப்போதே இதைக் கண்டித்தன. அரச காணிக்கான 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனையே வைத்திருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி. உம்மா கொடுத்த வீடும் அலையோடு போனது, உறுதியும் போனது. புது வீடு கணவர் பெயரில். சில வருடங்களில் அவர் வேறொரு கலியாணம் செய்துகொண்டார். இப்போது வீட்டை விற்கப் பார்க்கிறார். "எனக்கு ஊடு தந்த எங்கட உம்மா. அவருக்குத் தந்த ஆரு, கடலா?" என்று கேட்கிறார் அவர். கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பதிவு செய்த உறுதி தொலைந்தாலும் காணிப் பதிவகத்தில் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். சகோதரிகளே, இதை அயலவருக்கும் சொல்லுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்குப் பேசும். உங்கள் புது வீட்டுக் கடதாசியில் யாருடைய பெயர் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

அந்தச் சகோதரி பழைய வளவின் உறுதிப் பிரதியை எடுத்துவிட்டார். கடலோரத்தில் அத்திவாரமும் இரண்டு தென்னையும் மிஞ்சிய அந்த நிலம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. புது வீடும் அந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்தது என்று காட்ட அதை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் சட்டத்தரணியைப் பார்க்கப் போகிறோம்.