எரிபொருள் சுவிட்ச் எச்சரிக்கை: ‘செஞ்சா நல்லது’ என்பது விமானப் பாதுகாப்புக்குப் போதுமா?

செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு விமானம் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. சென்னை விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் இந்த மாவட்டத்து ஊர். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2025 நவம்பர் 14 அன்று விமானப்படையின் பிசி-7 பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் அருகே விழுந்தது. விமானி வெளியேறி உயிர் தப்பினார். அதன் காரணத்தைச் சொல்ல வேண்டியது விமானப்படையின் விசாரணை. ராணுவ விமானங்களுக்கு விதிகளும் வேறு. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விமானம் விழும்போது, டிக்கெட்டே வாங்காதவருக்கும் பராமரிப்பு என்ற வார்த்தையின் கனம் புரிகிறது.

அகமதாபாத்தில் அது இன்னும் கொடூரமாகப் புரிந்தது. 2025 ஜூன் 12 அன்று லண்டன் கேட்விக் புறப்பட்ட ஏர் இந்தியா 171 விமானம், மேலெழுந்த சில நொடிகளில் மருத்துவக் கல்லூரி விடுதி மீது விழுந்தது. மொத்தம் 260 பேர் இறந்தார்கள். அதில் 19 பேர் தரையில் இருந்தவர்கள்.

அந்த விபத்தின் முதற்கட்ட அறிக்கையில் உள்ள ஒரு சின்னப் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. விமானிகள் பேசிக்கொண்ட ஒரு வரியை வைத்து நாடே விவாதித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பகுதி பெரிதாகப் பேசப்படவில்லை.

எரிபொருள் அமைப்பு என்றால் என்னென்ன?

பைக்கில் இருப்பதுபோல ஒரு டேங்க், ஒரு குழாய் என்ற கணக்கு இங்கே இல்லை. பெரிய பயணிகள் விமானத்தின் இறக்கைக்கு உள்பகுதியே தொட்டி. பம்புகள், வால்வுகள், வடிகட்டிகள், இன்ஜின் வரை போகும் குழாய்கள் எல்லாம் இந்த அமைப்பில் சேரும். விமானி அறையில் இருக்கும் எரிபொருள் கட்டுப்பாட்டு சுவிட்சும் இதில் ஒரு பாகம். இன்ஜினுக்கு ஒன்று வீதம் இருக்கும் அந்த சுவிட்சை ‘ரன்’ நிலையில் வைத்தால் எரிபொருள் போகும். ‘கட்ஆஃப்’ நிலைக்கு நகர்த்தினால் நிற்கும். கை தவறிப் பட்டு நகர்ந்துவிடாமல் இருக்க அதில் ஒரு பூட்டு உண்டு. மேலே இழுத்துத் தூக்கிய பிறகுதான் நகர்த்த முடியும்.

இந்த அமைப்பைப் பராமரிப்பதில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. தப்பாகச் செய்தால் பறப்பவர்களுக்கு ஆபத்து. செய்யும் தொழிலாளிக்கும் ஆபத்து. தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் எரிபொருளை வடிக்க வேண்டும், காற்றோட்டம் கொடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் ஆவியையும் ஆக்சிஜன் அளவையும் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். தீப்பொறி வராத விளக்குதான் உள்ளே போகலாம். வெளியே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் விஷவாயுவில் செத்த செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் நமக்கு, இந்த விதிகள் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்று வகைக் காகிதம்

ஒரு பாகத்தில் பிரச்சினை தெரிந்தால் விமான நிறுவனத்துக்கு மூன்று வகையில் தகவல் வரலாம்.

முதலாவது, தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின். இதை மாற்றுங்கள், இப்படிப் பொருத்துங்கள் என்று சொல்வது. இரண்டாவது, விமானம் எந்த நாட்டில் சான்று பெற்றதோ அந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு அனுப்பும் தகவல் அறிவிப்பு. போயிங் விமானம் என்றால் அமெரிக்காவின் எஃப்ஏஏ. இது ஆலோசனை மட்டுமே. செஞ்சா நல்லது, செய்யாவிட்டால் குற்றமில்லை. மூன்றாவது, பறக்கும் தகுதி ஆணை. இதைக் குறித்த கெடுவுக்குள் செய்தே ஆக வேண்டும், இல்லையென்றால் விமானம் பறக்க முடியாது. இந்தியாவில் டிஜிசிஏ இந்த ஆணைகளைக் கட்டாயமாகவே நடத்துகிறது.

2018 டிசம்பர் 17 அன்று எஃப்ஏஏ வெளியிட்டது இரண்டாவது வகைக் காகிதம். சில போயிங் 737 விமானங்களில் எரிபொருள் சுவிட்சின் பூட்டு விடுபட்ட நிலையில் பொருத்தப்பட்டிருந்ததாகத் தகவல் வந்தது. அதே மாதிரியான வடிவமைப்பு 787 உள்ளிட்ட வேறு மாடல்களிலும் இருப்பதால், பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி அது பரிந்துரைத்தது. கட்டாய ஆணை போடும் அளவுக்குப் பாதுகாப்பற்ற நிலை இல்லை என்றும் எஃப்ஏஏ கருதியது.

அறிவிப்பு கட்டாயம் இல்லை என்பதால் அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை என்று ஏர் இந்தியா விசாரணையில் சொன்னது. இது முதற்கட்ட அறிக்கையிலேயே இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூட்டு பழுதானதால்தான் விபத்து நடந்தது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்ஆஃப் நிலைக்குப் போயின, சுமார் 10 நொடிக்குப் பிறகு மறுபடி ரன் நிலைக்கு வந்தன என்று மட்டும் அது பதிவு செய்கிறது. சுவிட்சுகள் அடங்கிய கட்டுப்பாட்டுத் தொகுதி அந்த விமானத்தில் 2019-லும் 2023-லும் மாற்றப்பட்டது. 2023-க்குப் பிறகு சுவிட்ச் பற்றிப் புகார் எதுவும் பதிவாகவில்லை. இதுவும் அறிக்கையிலேயே உள்ளது.

சரி, பிறகு ஏன் இதைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும்? அடுத்து நடந்ததைப் பாருங்கள். அறிக்கை வெளியான பிறகு, 2025 ஜூலை 14 அன்று டிஜிசிஏ அதே பரிசோதனையை இந்திய நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. ஜூலை 21 வரை கெடு. ஏர் இந்தியா தன் 787, 737 விமானங்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, எந்தக் கோளாறும் இல்லை என்று அறிவித்தது. ஒரு வாரத்தில் முடிகிற வேலை அது. ஆறரை வருடம் ‘விருப்பம்’ என்ற பெட்டியிலேயே கிடந்தது. இடையில் ஏர் இந்தியா அரசிடமிருந்து டாடா கைக்கு மாறியது; பெட்டி மட்டும் மாறவில்லை.

2019-லேயே பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதி வைத்திருந்தால், இன்று இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒரு சந்தேகமாவது குறைந்திருக்கும். அந்தச் சந்தேகத்தின் விலையை நிறுவனம் மட்டும் சுமக்கவில்லை, இறந்துபோன விமானிகளின் பெயரும் சுமக்கிறது.

படிக்க முடியாமல் போன புல்லட்டின்

எரிபொருள் விஷயத்தில் ஒரு காகிதம் கைக்கு எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 24 ஓர் உதாரணம். டொரண்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் 236, ஏர்பஸ் ஏ330 விமானம். 306 பேர் இருந்தார்கள். சில நாள் முன்னால்தான் வலது இன்ஜினை மாற்றியிருந்தார்கள். வந்த மாற்று இன்ஜின் பழைய வடிவம். அதில் போட்ட ஹைட்ராலிக் பம்ப் புதிய வடிவம். இரண்டும் சேர வேண்டுமானால் எரிபொருள் குழாயையும் மாற்ற வேண்டும். அதைச் சொல்லும் சர்வீஸ் புல்லட்டின் இருந்தது. நெட்வொர்க் கோளாறால் அதைத் திறந்து பார்க்க முடியவில்லை. விமானத்தைச் சீக்கிரம் விட வேண்டிய அவசரமும் இருந்தது. பொருந்தாத குழாய்களை எப்படியோ இடைவெளி விட்டுப் பொருத்தினார்கள்.

இரண்டு குழாயும் உரசி எரிபொருள் குழாய் விரிசல் விட்டது. அட்லாண்டிக் நடுவே எரிபொருள் முழுவதும் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றன. சுமார் 120 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய தாம்பரத்திலிருந்து புதுச்சேரி வரைக்குமான தூரம், இன்ஜின் இல்லாமல் மிதந்து வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. யாரும் சாகவில்லை. அந்த இடத்தில் தீவு இருந்தது அதிர்ஷ்டம்.

கடலோரத்துக்கு இன்னொரு கவலை

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆரில் வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். இரும்பு கேட் எத்தனை மழைக்காலம் தாங்குகிறது என்று சொல்வார்கள். உப்பும் ஈரமும் எரிபொருளுக்கும் எதிரி. தொட்டிக்குள் இருக்கும் ஈரக் காற்று குளிரும்போது தண்ணீராகி அடியில் தங்கும். தண்ணீரும் எரிபொருளும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். அதனால்தான் தொட்டி அடியிலிருந்து தண்ணீரை வடித்துப் பார்ப்பது வழக்கமான பராமரிப்பு வேலை.

விமானத்துக்கு வெளியேயும் இந்தப் பிரச்சினை வரலாம். 2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் கடலோர நகரமான சுரபயாவிலிருந்து ஹாங்காங் போன கேத்தே பசிபிக் 780 விமானத்தில் அதுதான் நடந்தது. விமான நிலையத்தில் தரைக்கடியில் எரிபொருள் குழாயை நீட்டிக்கும் வேலை நடந்தபோது உப்புத் தண்ணீர் உள்ளே போனது. குழந்தைகளின் டயப்பரில் இருப்பதுபோலத் தண்ணீரை உறிஞ்சும் பொருள் எரிபொருள் வடிகட்டியில் இருக்கும். அது சிதைந்து சின்னச் சின்ன உருண்டைகளாக விமானத்துக்குள் வந்து சேர்ந்தது. இரண்டு இன்ஜினும் விமானி சொன்னபடி கேட்கவில்லை. மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையிறங்க வேண்டியதாயிற்று. குழாய் வேலை முடிந்த பிறகு அதைத் திரும்பப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த முறை சரியாக இல்லை என்று விசாரணை சொன்னது.

நம் விமான நிலையத்துக்கும் மணலியிலிருந்து எரிபொருள் குழாய் வழியாகவே வருகிறது. இங்கே கோளாறு என்று சொல்லவில்லை. பராமரிப்பு விதி என்பது ஹேங்கருக்குள் மட்டும் முடிந்துவிடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிடலாமா?

கூடாது. நிறுவனங்கள் சொல்லும் வாதத்தில் நியாயம் இருக்கிறது. எண்ணற்ற ஆலோசனைக் காகிதங்கள் வருகின்றன. எல்லாவற்றையும் ஆணையாக்கினால் உண்மையான ஆணை கூட்டத்தில் காணாமல் போகும். தேவையில்லாமல் பிரித்து மாட்டுவதே புதுத் தவறுக்கு வழிவகுக்கும்.

இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020-ல் டைட்டன் ஏர்வேஸின் ஏ321 விமானத்தில் நுண்ணுயிர்களைக் கொல்ல எரிபொருளில் மருந்து கலந்தார்கள். அளவு ‘பிபிஎம்’, அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் சொல்லப்பட்டிருந்தது. கணக்கு தப்பி, சொன்ன அளவைப்போலச் சுமார் 38 மடங்கு போட்டுவிட்டார்கள். பிப்ரவரி 26 அன்று கேட்விக்கில் கிளம்பியதும் இரண்டு இன்ஜினும் திணறின. பயணிகள் இல்லாத பயணம் அது. விமானிகள் சமாளித்துத் திரும்ப இறக்கினார்கள். பாதுகாப்புக்காகச் செய்த வேலையே ஆபத்தானது.

ஆகவே நான் கேட்பது, ஒவ்வோர் ஆலோசனைக்கும் கட்டாய வேலை அல்ல, கட்டாயப் பதில். எரிபொருள் அமைப்பைப் பற்றிய அறிவிப்பு எது வந்தாலும், நிறுவனம் குறித்த நாளுக்குள் டிஜிசிஏவுக்கு எழுத வேண்டும். ‘செய்தோம், இதுதான் முடிவு’ என்று எழுதலாம். ‘செய்யவில்லை, காரணம் இது’ என்றும் எழுதலாம். அதன் கீழே பொறுப்பான ஒருவரின் கையெழுத்து இருக்க வேண்டும். ‘கட்டாயம் இல்லை’ என்பது காரணமாக ஏற்கப்படக் கூடாது.

எரிபொருளுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சலுகை? இந்த அமைப்பில் ஒரே தவறு இரண்டு இன்ஜினையும் ஒன்றாக நிறுத்த முடியும். மேலே சொன்ன சம்பவங்கள் எல்லாவற்றிலும் இரண்டு இன்ஜினும் சேர்ந்துதான் பாதிக்கப்பட்டன. எரிபொருளுக்குத் தனி விதி போடுவது புதிதும் இல்லை. 1996 ஜூலை 17 அன்று டிடபிள்யூஏ 800 விமானத்தின் நடுத்தொட்டி வெடித்து 230 பேர் இறந்த பிறகு, 2001-ல் அமெரிக்கா எரிபொருள் தொட்டிகளுக்கென்றே தனி விதி கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக, இந்தியாவின் சிஏஆர்-145 பராமரிப்பு விதிகளிலும் எரிபொருள் தொட்டிப் பாதுகாப்புப் பயிற்சி சேர்ந்தது.

யார் படிப்பார்கள்?

பதில் எழுதினால் மட்டும் போதாது, அதைப் படிக்க ஆள் வேண்டும். டிஜிசிஏவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறக்குறைய பாதி காலி என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. ஓஎம்ஆர் பக்கத்துக் கல்லூரிகளிலேயே விமானப் பொறியியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகும் இளைஞர்கள் எத்தனையோ பேர். ஆள் கிடைக்கவில்லை என்று அரசு சொன்னால் நம்புவது கஷ்டம்.

பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் வேலை முடிந்த விமானம் கிளம்பாது. அந்தக் கையெழுத்தைப் போடுகிறவருக்குப் புல்லட்டினைத் திறந்து படிக்க நேரம் வேண்டும். ‘நெட் வரலை, படிச்சிட்டுத்தான் போடுவேன்’ என்று சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது.

திரிசூலத்திலிருந்து தினமும் கிளம்பும் விமானங்களில் அந்த 2018 அறிவிப்பு தொடும் 737 ரகமும் உண்டு. 2025 ஜூலைக்குப் பிறகு அவற்றின் சுவிட்சுகளைப் பார்த்துவிட்டார்கள் என்பது நிம்மதி. அடுத்து வரும் அறிவிப்பு வேறு ஒரு வால்வைப் பற்றியோ குழாயைப் பற்றியோ இருக்கலாம். அது எந்தப் பெட்டியில் விழும் என்பதை டிஜிசிஏ இப்போதே முடிவு செய்து வைக்க வேண்டும்.